லயனல் கானக்கர்: ஆறு விளையாட்டுகளில் பெயர் பெற்றவர் தம் தொகுதிக்கு என்ன செய்தார்?

நிலவன் எழுதியது:

கனடாவின் விளையாட்டு வரலாற்றை வாசிப்பவர்களுக்கு லயனல் கானக்கர் என்ற பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். 1900 மே 24 அன்று டொராண்டோவில் பிறந்து, 1954 மே 26 அன்று ஒட்டாவாவில் மறைந்தவர். கனடியக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தியும் ஓடும் ஆட்டம்), ஐஸ் ஹாக்கி, லக்ராஸ் (வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்), பேஸ்பால், குத்துச்சண்டை, மல்யுத்தம் ஆகிய ஆறிலும் ஊர் அறிந்த ஆட்டக்காரராக இருந்தவர். 1950இல் கனடியன் பிரஸ் செய்தி நிறுவனம் நடத்திய வாக்கெடுப்பில், அந்த அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரராக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனால் இந்த இழையை நான் தொடங்குவது அவருடைய கோப்பைகளை எண்ணிப் பார்ப்பதற்காக அன்று. 1937ஆம் ஆண்டு ஐஸ் ஹாக்கியிலிருந்து ஓய்வு பெற்ற அதே ஆண்டில் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் லிபரல் கட்சியின் சார்பில் பிராகன்டேல் தொகுதியில் நின்று வென்றார். 1943 வரை உறுப்பினராக இருந்தார். பிறகு 1949இல் டிரினிட்டி தொகுதியிலிருந்து கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குச் சென்று, இறக்கும் நாள்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இரண்டு தொகுதிகளும் டொராண்டோ நகருக்குள் அடங்கியவை. பதவியின் பெயர் மாகாணம் என்றும் நாடாளுமன்றம் என்றும் இருந்தாலும், அவருடைய அரசியல் கடைசிவரை சொந்த ஊரின் அரசியலாகவே இருந்தது என்பது என் எண்ணம்.

நான் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். கானக்கரின் விளையாட்டு வாழ்க்கையை ஒரு பெட்டியிலும் அரசியல் வாழ்க்கையை இன்னொரு பெட்டியிலும் வைத்துப் பார்ப்பது தவறு. விளையாடுவதற்கு நேரமும் கருவியும் இல்லாத பிள்ளையாக வளர்ந்தவர், அந்த இரண்டையும் பிற பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பொதுவாழ்க்கையைப் பயன்படுத்தினார். இதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் தங்கள் காரணங்களை விரிவாக எழுத வேண்டுகிறேன்.

தெற்குச்சாளரம் எழுதியது:

நிலவன் அவர்கள் தொடங்கிய இடம் சரியான இடம். ஆனால் வறுமை என்று ஒரு சொல்லில் கடந்துவிடாமல், அது எப்படிப்பட்ட வறுமை என்று சொல்ல வேண்டும்.

கானக்கரின் தந்தை வண்டியோட்டி. பத்துப் பிள்ளைகளில் லயனல் மூன்றாமவர், ஆண்பிள்ளைகளில் மூத்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, வேலைக்குப் போய்த் தம்பி தங்கைகளுக்குச் சோறு போடும் பொறுப்பில் பங்கெடுத்தார். மூத்த மகன் என்ற நிலை ஒரு ஏழை வீட்டில் என்ன பொருள் தரும் என்பதை நம்மில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் அவருடைய தம்பியர் சார்லியும் ராயும் ஐஸ் ஹாக்கியில் பெரும் புகழ் பெற்றார்கள். அவர்கள் நிதானமாக ஆடக் கற்றுக்கொண்ட காலத்தில் அந்த வீட்டு அடுப்பு அணையாமல் இருந்ததற்கு அண்ணனின் உழைப்பும் ஒரு காரணம்.

அவர் படித்த ஜெசி கெட்சம் பள்ளியின் தலைமையாசிரியர், பிள்ளைகளின் ஆற்றல் விளையாட்டில் செலவானால் அவர்கள் தெருவில் வம்பில் சிக்கமாட்டார்கள் என்று நம்பி, எல்லாரையும் ஆடத் தூண்டினார். இந்தச் சிறிய செய்தியை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். கானக்கர் பிற்காலத்தில் சிறுவர் பூங்காக்களுக்காகப் பேசியபோது, அந்த எண்ணம் அவர் உள்ளத்தில் பள்ளி வயதிலேயே விதைக்கப்பட்டிருந்தது.

இன்னொரு செய்தியையும் சேர்க்கிறேன். உலகமே அவரை ஐஸ் ஹாக்கி வீரராக நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் பனிச்சறுக்குக் காலணி அணிந்து ஓடக் கற்றுக்கொண்டது பதினாறாம் வயதில். ஓடுவதற்குக் கால் போதும், மல்யுத்தத்துக்கு உடம்பு போதும். பனியில் ஆட வேண்டுமானால் கையில் காசு வேண்டும். அதனால்தான் அதே பதினாறாம் வயதில் அவர் 125 பவுண்டு எடைப்பிரிவு மல்யுத்தத்தில் ஒன்டாரியோ சாம்பியனாக இருக்க முடிந்தது. ஐஸ் ஹாக்கியிலோ அப்போதுதான் முதல் அடி எடுத்து வைத்தார். எந்தப் பிள்ளை எந்த ஆட்டத்தை ஆடுகிறது என்பதைத் திறமைக்கு முன்பே வீட்டு வரவு செலவு தீர்மானித்துவிடுகிறது.

பழைய பயிற்றுநர் எழுதியது:

நான் பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவன். தெற்குச்சாளரம் அம்மையார் சொன்ன காலணிச் செய்தியை என் அனுபவத்திலிருந்து முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அதன் தொடர்ச்சியாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: தாமதமாகக் கற்றதன் குறை அவருடைய ஆட்டத்தில் கடைசிவரை இருந்தது. அவர் விரைவாகச் சறுக்கி ஓடும் ஆட்டக்காரர் அல்லர். அந்தக் குறையை அறிந்திருந்ததால், எதிரணி அடிக்கும் வட்டுக்கு முன்னால் மண்டியிட்டுத் தம் உடம்பையே தடுப்பாக வைக்கும் முறையைத் தம் கலையாக்கிக் கொண்டார். தற்காப்பு ஆட்டக்காரர்களிடம் இன்று சாதாரணமாகக் காணப்படும் இந்த முறையை வளர்த்தவர்களில் அவர் முன்னோடி. ஐஸ் ஹாக்கியில் பயன்படுவது கெட்டியான ரப்பர் வட்டு என்பதை நினைவில் கொண்டால், அந்தக் கலையின் விலை என்ன என்பது விளங்கும். அவர் மூக்கு பலமுறை உடைந்தது. முகத்திலும் தலையிலும் போட்ட தையல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

இனி, அந்தக் காலத்தில் ஒருவர் பல விளையாட்டுகளை ஆடியதற்கு அடிப்படையான ஒரு விதியைப் பற்றி. காசு வாங்காமல் ஆடும் அமெச்சூர், காசுக்கு ஆடும் தொழில்முறை என்ற பிரிவினை அன்று இரும்புச் சுவர் போல இருந்தது. ஏதேனும் ஒரு விளையாட்டில் ஒருவர் காசு வாங்கிவிட்டால், மற்ற எல்லா விளையாட்டுகளிலும் அமெச்சூர் தகுதியை இழந்துவிடுவார். அதாவது, ஐஸ் ஹாக்கிக்குச் சம்பளம் வாங்கினால், கால்பந்திலும் லக்ராஸிலும் அவருக்கு இடமில்லை. இந்த விதியை வைத்துப் பார்த்தால்தான், தொழில்முறை அணிகள் இளவயதிலேயே அழைத்தும் அவர் ஏன் பல ஆண்டுகள் மறுத்தார் என்பது புரியும். பணம் தேவைப்பட்ட குடும்பத்தின் மூத்த மகன் பணத்தை மறுத்தார் என்றால், அவர் மனத்துக்குள் நடந்த போராட்டத்தை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த அமெச்சூர் ஆண்டுகளில் அவர் செய்தவற்றை இன்று யாரும் செய்ய இயலாது. 1920இல் கனடிய அமெச்சூர் குத்துச்சண்டையில் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். அதே ஆண்டில் டொராண்டோ கனோ கிளப் ஜூனியர் அணியோடு ஐஸ் ஹாக்கியில் இளையோருக்கான மெமோரியல் கோப்பை. 1921இல் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியோடு ஒரு காட்சிப் போட்டி. அந்த ஆண்டு டிசம்பரில் கனடியக் கால்பந்தின் கிரே கோப்பை இறுதிப் போட்டி. நாட்டின் மேற்குப் பகுதியிலிருந்து ஓர் அணி முதன்முதலாக அந்தக் கோப்பைக்காகக் கிழக்கே வந்து ஆடிய போட்டி அது. டொராண்டோ ஆர்கோநாட்ஸ் அணி எட்மன்டன் அணியை 23-0 என்று வென்றது. அதில் 15 புள்ளிகள் கானக்கருடையவை. பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் ஒரு டச்டவுனுக்கு அன்று ஐந்து புள்ளிகள்தாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் அவர் களத்தை விட்டுக் கிளம்பிவிட்டார். அன்றே அவருக்கு ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம் இருந்தது.

1922இல் ஒரே நாளில் பேஸ்பாலில் ஹில்கிரெஸ்ட் அணிக்காக நகரச் சாம்பியன் பட்டப் போட்டியை ஆடிவிட்டு, நகரின் வேறொரு களத்துக்கு விரைந்து, மெயிட்லண்ட்ஸ் அணிக்காக லக்ராஸ் போட்டியிலும் ஆடி, இரண்டிலும் வெற்றிக்குக் காரணமாக இருந்தார் என்பது அவர் வரலாற்றை எழுதிய எல்லாரும் சொல்லும் செய்தி. இத்தகைய ஒருவரைப் பயிற்சியாளர்கள் ஒரே விளையாட்டில் கட்டிப்போட முயலக்கூடாது என்று நான் மாணவர்களின் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன்; அந்த எண்ணம் எனக்கு வந்ததே கானக்கரைப் பற்றிப் படித்த பிறகுதான்.

வாக்குச்சீட்டு எழுதியது:

மேலே உள்ளவை அனைத்தும் மதிக்கத்தக்கவை. ஆனால் இழையின் கேள்வி அரசியலைப் பற்றியது. அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் நேராக விடை சொல்லவில்லை என்பதால், மறுதரப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1937இல் ஒன்டாரியோவில் முதல்வர் மிட்சல் ஹெப்பர்னின் லிபரல் கட்சி ஆட்சியில் இருந்தது. அக்டோபரில் நடந்த தேர்தலில் மீண்டும் வென்றது. பொருளாதார மந்தம் இன்னும் முழுதாக விலகாத காலம். அந்த நேரத்தில் டொராண்டோ நகரில் ஒரு தொகுதியைப் பிடிக்க வேண்டிய கட்சிக்கு, வீட்டுக்கு வீடு பெயர் தெரிந்த, உழைக்கும் குடும்பத்தில் பிறந்த ஒரு வீரர் கிடைத்தார். இதில் கொள்கை எங்கே இருக்கிறது? கட்சிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஓய்வு பெற்ற வீரருக்கு ஒரு வாழ்க்கை தேவைப்பட்டது. இரண்டும் சந்தித்துக்கொண்டன.

புகழின் மேல் ஏறி வருபவர்களிடம் எனக்குப் பொதுவாகவே அச்சம் உண்டு. களத்தில் ஒருவரைப் பார்த்துக் கைதட்டிய வாக்காளர், அதே மனநிலையோடு வாக்களிக்கிறார். சாலை, பள்ளி, வரி, வேலையின்மை பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது அவருடைய குற்றம் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவும் இல்லை. ஆனால் அவர் பெயரால் நினைவுகூரப்படும் பெரிய சட்டம் ஒன்றையேனும் யாராவது இங்கே காட்ட முடியுமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பர் வாக்குச்சீட்டு கேட்ட கேள்வி நேர்மையானது. பெரிய சட்டம் எதையும் என்னால் காட்ட முடியாது. ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பணியை அளப்பதற்கு அந்த ஓர் அளவுகோல் மட்டும் போதாது.

கானக்கர் உறுப்பினராக இருந்த காலத்தில், சிறுவர்களுக்கான பூங்காக்கள், விளையாட்டு வசதிகள் ஆகியவற்றுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார். ஒன்டாரியோவின் விளையாட்டு ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடிய விமானப்படை வீரர்களின் விளையாட்டு, பொழுதுபோக்குப் பணிகளைக் கவனித்துக்கொண்டார். இவை மூன்றுமே அவர் அறிந்த துறைக்குள் அடங்கியவை. தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், தெரிந்த ஒன்றில் நின்று பணி செய்வது ஓர் உறுப்பினருக்கு இழிவாகாது. அது மட்டுமன்றி, ஆணையத்தின் தலைமையை வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும், குத்துச்சண்டை மேடையின் கயிற்றுக்குள்ளும் மல்யுத்த மேடையின் விரிப்பிலும் நின்ற அனுபவம் உள்ள ஒருவரின் கண் அவருக்கு இருந்திராது.

புகழ் மட்டுமே வாக்கைத் தந்தது என்ற கருத்துக்குத் தேர்தல் வரலாறே விடை சொல்கிறது. 1943இல் ஒன்டாரியோவில் லிபரல் கட்சி மூன்றாம் இடத்துக்குச் சரிந்தது. ஜார்ஜ் டிரூவின் கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சியைப் பிடித்தது. கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு என்ற இடதுசாரிக் கட்சி எதிர்க்கட்சியானது. அந்த அலையில் பிராகன்டேல் தொகுதி ரே லக்காக் என்ற பெண்மணிக்குச் சென்றது. ஒன்டாரியோ சட்டமன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு பெண்களில் அவர் ஒருவர். கானக்கரின் தொகுதி அவருக்குப் பிறகு எப்படிப்பட்ட தேர்வைச் செய்தது என்பதைப் பாருங்கள். பெயருக்கு மயங்கி வாக்களிக்கும் தொகுதியாக அது எனக்குத் தெரியவில்லை.

1945இல் அவர் டிரினிட்டி தொகுதியில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு லாரி ஸ்கீ என்பவரிடம் தோற்றார். ஸ்கீ போரில் விமானப்படை அதிகாரியாகப் பணியாற்றியவர். போர் முடிந்த ஆண்டில், வாக்காளர்கள் விளையாட்டு வீரரை விட்டுப் போர் வீரரைத் தேர்ந்தார்கள். கானக்கரின் புகழ் அப்போதும் குறையவில்லை, ஆனாலும் தோற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே தொகுதியில், அதே ஸ்கீயை எதிர்த்து வென்றார். 1953இல் மீண்டும் வென்றார். தோற்ற இடத்திலேயே காத்திருந்து திரும்பி நின்றவரை, வெறும் பெயரால் வந்தவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாக்குச்சீட்டு எழுதியது:

1945ஆம் ஆண்டின் தோல்வியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏட்டுச்சுவடி ஐயா ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதைச் சொல்வது என் கடமை.

1954இல் கானக்கர் இறந்த பிறகு டிரினிட்டியில் இடைத்தேர்தல் நடந்தது. லிபரல் கட்சி யாரை நிறுத்தியது? டொனால்ட் கேரிக் என்ற வழக்கறிஞரை. அவர் 1925இலும் 1927இலும் கனடிய அமெச்சூர் கோல்ஃப் சாம்பியன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் கலந்துகொண்டவர். பல விளையாட்டு வீரர் ஒருவரின் இடத்தில் இன்னொரு பல விளையாட்டு வீரர்! அவரும் வென்றார். கட்சி எதைத் தேடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை.

தெற்குச்சாளரம் எழுதியது:

கேரிக் பற்றிய செய்தி உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆனால் அதிலிருந்து நண்பர் எடுக்கும் முடிவு எனக்கு உடன்பாடானதன்று. கேரிக்கும் கானக்கரும் ஒரே வகையைச் சேர்ந்தவர்கள் அல்லர். கோல்ஃப் ஆடியவர், சட்டம் படித்தவர், வாழ்நாள் முழுதும் அமெச்சூராக இருக்க முடிந்தவர் ஒருவர். விளையாட்டை விட்டால் கைவேலை ஒன்றே கதி என்று வாழ்ந்தவர் மற்றவர். கட்சி இருவரையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கலாம். தொகுதி மக்களும் அப்படியே பார்த்தார்கள் என்று கொள்வதற்கு என்ன ஆதாரம்?

பழைய பயிற்றுநர் ஐயா அமெச்சூர் விதியைப் பற்றி எழுதினார்கள். அந்த விதி யாருக்குச் சாதகமானது என்பதையும் சொல்ல வேண்டும். சம்பளம் இல்லாமல் ஆட வசதி உள்ளவருக்கு அது பெருமை. இல்லாதவருக்கு அது விலங்கு. கானக்கர் 1923இல் டொராண்டோவை விட்டுப் பென்சில்வேனியாவுக்குப் போனது இதனால்தான் என்று நான் கருதுகிறேன். அங்கே பெல்ஃபாண்ட் அகாடமியில் படித்தார். பிறகு டியூகேன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிட்ஸ்பர்க் யெல்லோ ஜாக்கெட்ஸ் என்ற அமெச்சூர் அணிக்கு ஐஸ் ஹாக்கி ஆடி, 1924இலும் 1925இலும் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வெல்ல உதவினார். பதின்பருவத்தில் விட்ட படிப்பை 23 வயதில், திருமணமானவராக, அயல்நாட்டில், சிறுவர்களோடு அமர்ந்து மீண்டும் தொடங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். எட்டாம் வகுப்பு என்ற சொல்லை அவர்மேல் முத்திரையாகக் குத்துபவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

பழைய பயிற்றுநர் எழுதியது:

அம்மையார் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். 1925இல் யெல்லோ ஜாக்கெட்ஸ் அணியின் ஆட்டக்காரர்களைக் கொண்டு என்.எச்.எல். என்ற தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி உருவானபோதுதான் கானக்கர் தொழில்முறைக்கு மாறினார். அந்த அணியின் வரலாற்றில் முதல் கோலை அடித்தவரும் அவரே. காசு வாங்கும் வாசல் ஒருமுறை திறந்த பிறகு, அவர் எந்தத் திசையிலும் தயங்கவில்லை: 1926இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் பேஸ்பால் அணி, 1931இல் தொழில்முறை உள்ளரங்க லக்ராஸ், அடுத்த ஆண்டு தொழில்முறை மல்யுத்தம், 1933இல் தாமே ஒருங்கிணைத்த தொழில்முறைக் கால்பந்து அணி. ஊதியம் தரும் ஆட்டம் எங்கே இருந்ததோ அங்கே அவர் இருந்தார். இதைப் பேராசை என்று சொல்வார் உண்டு. மந்தக் காலத்தில் பெரிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மனிதர், வேலை கிடைக்கும் இடமெல்லாம் வேலை செய்தார் என்றே நான் சொல்வேன்.

ஒரு கசப்பான பகுதியையும் மறைக்கக்கூடாது. 1926 டிசம்பரில் அவர் நியூயார்க் அமெரிக்கன்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அந்த அணியின் உரிமையாளர் பில் டுவையர், மதுவிலக்குக் காலத்துச் சாராயக் கடத்தலில் பெயர் போனவர். அந்த ஆண்டுகளில் கானக்கர் கடுமையான குடிப்பழக்கத்துக்கு ஆளானார். ஆட்டம் சரிந்தது. முதல் குழந்தை பிறந்ததை ஒட்டி மதுவை விட்டார். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 1934இல் சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணியோடு லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை, மறு ஆண்டு மான்ட்ரியல் மரூன்ஸ் அணியோடு மீண்டும் அதே கோப்பை, லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதுக்கு 1934, 1937 ஆகிய இரு ஆண்டுகளிலும் இரண்டாம் இடம். அவருடைய மிகச்சிறந்த ஆட்டம் முப்பது வயதுக்குப் பிறகு வந்தது. குடியை விட்ட ஒரு மனிதர் பிறகு மக்கள் முன் நின்று வாக்குக் கேட்டார் என்பதை, அவருடைய கோப்பைகளைவிட நான் மேலாக மதிக்கிறேன்.

கடலோரத்து வாசகர் எழுதியது:

நம் பக்கத்து எடுத்துக்காட்டுகள் இரண்டை இந்தப் பேச்சோடு பொருத்திப் பார்க்க விரும்புகிறேன். இழை திசை மாறிவிடாமல் சுருக்கமாகவே சொல்கிறேன்.

கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடிய எம்.ஜே. கோபாலன், 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். பல விளையாட்டு வீரர்கள் எல்லாருக்கும் ஒருநாள் இப்படி ஒரு முச்சந்தி வருகிறது. கானக்கர் அந்த முச்சந்தியை எத்தனையோ முறை ஒத்திப்போட்டு, ஒரே நாளில் இரண்டு களங்களுக்கு ஓடியவர்.

மற்றவர் ஜெய்பால் சிங் முண்டா. கேரிக் குத்துச்சண்டைக்குச் சென்ற அதே 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர். பிறகு 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்று, அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களுக்காகப் பேசினார். அவரை அந்த அவைக்கு அனுப்பியது ஹாக்கி மட்டையா, அவர் மக்களின் நெடுங்காலக் குறையா? விளையாட்டுப் புகழ் அவருக்குக் கதவைத் திறந்திருக்கலாம். உள்ளே சென்று அவர் பேசியது அவருடைய மக்களின் பேச்சு. கானக்கரையும் இதே கண்ணோடு பார்க்கலாம் என்பது என் கருத்து. அளவில் அவருடைய பணி மிகச் சிறியது என்பதை மறுக்கவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஜெய்பால் சிங்கைக் குறிப்பிட்டது பொருத்தமே. கானக்கருக்கு அருகிலேயே வேறோர் ஒப்புமையும் இருக்கிறது: சில் ஆப்ஸ். 1934 பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுகளில் கோலூன்றித் தாண்டுதலில் தங்கம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அதே போட்டியில் ஆறாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் 1942, 1947, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பை வென்றவர். 1940இல் நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார். அதன்பின் நீண்ட காலம் கழித்து, 1963இல் கிங்ஸ்டன் தொகுதியிலிருந்து ஒன்டாரியோ சட்டமன்றத்துக்குச் சென்று, 1971இல் சிறைத்துறை சார்ந்த சீர்திருத்தப் பணிகளின் அமைச்சரானார்.

ஆப்ஸ் பல்கலைக்கழகப் பட்டதாரி. மது, புகை எதையும் தொடாதவர். நன்னடத்தைக்குப் பெயர் பெற்றவர். கானக்கரோ அடிபட்டு, விழுந்து, எழுந்து வந்தவர். அமைச்சர் பதவி ஆப்ஸுக்குக் கிடைத்தது, கானக்கருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இருவரையும் தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். வாக்காளர்கள் ஒரே வகையான மனிதரைத்தான் விரும்புகிறார்கள் என்று பொதுமைப்படுத்த இயலாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நிலவன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வாக்குச்சீட்டு அவர்கள் காட்டிய கேரிக் செய்தி என் கருத்தைச் சற்றே திருத்திக்கொள்ளச் செய்தது. கட்சி புகழைத் தேடியது என்பதை இனி நான் மறுக்க மாட்டேன். ஆனால் கட்சி ஒருவரை ஏன் தேர்ந்தது என்பதும், அவர் அந்த இடத்தில் அமர்ந்து எதைப் பேசினார் என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு, பதினாறு வயதுவரை பனிச்சறுக்குக் காலணி கிடைக்காத சிறுவனைத் தவிர்த்துவிட்டு விடை சொல்ல முடியாது.

அவருடைய இறுதி நாளைப் பற்றி யாரும் எழுதவில்லை. நானும் தயங்கினேன், ஏனெனில் அதைக் காவியமாக்கிப் பேசுவது எளிது. 1954 மே 26. ஐம்பத்து நான்காம் பிறந்தநாள் கழிந்து இரண்டு நாள்கள். ஒட்டாவாவில் நாடாளுமன்ற வளாகத்துப் புல்வெளியில், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் இடையே ஆண்டுதோறும் நடந்த, பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆட்டம். ஆறாம் சுற்றில் அவர் பந்தை இடப்புறக் களத்துக்குத் தொலைவாக அடித்தார். முதல் தளத்தோடு நின்றிருக்கலாம். மூன்றாம் தளம்வரை ஓடினார். அங்கே மூச்சு வாங்கி, சரிந்து விழுந்தார். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. மறுநாள் அவருடைய மகள் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற இருந்தார்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவரின் மகள் பட்டம் பெறும் நாள் அது. என்னைப் பொறுத்தவரை, மூன்றாம் தளத்தைவிட அந்த மறுநாள்தான் மனத்தை அழுத்துகிறது.

வாக்குச்சீட்டு எழுதியது:

நிலவன், கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. புகழ் வழி வருபவர்களைப் பற்றிய என் பொதுவான அச்சத்தை நான் கைவிடவில்லை. ஆனால் இவரை அந்தப் பட்டியலின் முதல் வரியில் வைத்தது அவசரம்.

ஒரே ஒரு ஐயம்: அவர் பெயரில் இன்று ஊரில் எதேனும் இருக்கிறதா? மன்றங்கள் அளிக்கும் மரியாதைகளை நான் கேட்கவில்லை. கனடாவின் விளையாட்டுப் புகழ் மன்றம் 1955இல் அவரைச் சேர்த்ததும், கால்பந்து மன்றம் 1963இல் சேர்த்ததும், லக்ராஸ் மன்றம் 1966இல் சேர்த்ததும், ஐஸ் ஹாக்கி மன்றம் 1994வரை காத்திருந்ததும் எனக்குத் தெரியும். கனடியன் பிரஸ் ஆண்டுதோறும் சிறந்த ஆண் வீரருக்கு வழங்கும் விருது அவர் பெயரைத் தாங்குவதும் தெரியும். தொகுதிக்காரர்கள், தெருக்காரர்கள் நடந்து போகும் இடத்தில் ஏதேனும் உண்டா என்று கேட்கிறேன்.

தெற்குச்சாளரம் எழுதியது:

உண்டு. டொராண்டோவில் காட்டிங்ஹாம் தெருவில் ஒரு பூங்கா இருக்கிறது. லயனல் கானக்கர் பூங்கா என்று பெயர். ஜெசி கெட்சம் பள்ளி அங்கிருந்து தொலைவில் இல்லை. பூங்காவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நுழைவுக்குக் காசு இல்லை.